போணிக்கு முன்னால் விலை கேட்டவள்

“அத்த யாரு சொன்னது?”

அவளை நினைத்தால், அதை யார் சொன்னது என்கிற இந்தக் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொன்னால்கூட இப்படித்தான் கேட்பாள். அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், என் பேரை எதுக்கு எழுதினே, யாருக்குக் காட்டினே என்று ஃபோன் போட்டுக் கேட்டாலும் கேட்பாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுக் குடியிருப்புப் பெண். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை, அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில். எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த காலம் முழுக்க எங்கள் தண்ணீரை அவள் ஒரு வாய் குடித்ததில்லை. டீ வாங்கித் தருகிறேன் என்றால், டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்பாள்.

எங்களுக்குக் கல்மண்டபத்தில் கருவாட்டுக் கடை. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான் முதலாளி, நாங்களேதான் வேலையாட்கள். அவள் முதலில் வந்தது நெத்திலி வாங்க.

“மண்ணு இருக்குமா?”

“இருக்காது.”

“அத்த யாரு சொன்னது?”

“நான்தாம்மா சொல்றேன். கடைக்காரன்.”

“கடைக்காரரு அப்படித்தான் சொல்வாரு” என்றவள், நாலு நெத்திலியை எடுத்துத் தன் பாட்டில் மூடியில் போட்டு, தண்ணீர் விட்டு அலசினாள். வெளிச்சத்தில் பிடித்து, அடியில் மண் படிகிறதா என்று பார்த்தாள். படியவில்லை. அதற்குப் பிறகும் ஏதோ ஏமாந்துவிட்ட முகத்தோடுதான் நூறு கிராம் வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு எரிச்சல். ஸ்டெல்லாவுக்கோ அவளை அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது. பெண்களுக்கு யாரை எதனால் பிடிக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருடம் எங்கள் நிலைமை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கடைக்கு முன்னால் சாலையைத் தோண்டி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. கருவாட்டுக்காரனுக்குச் சம்பாத்தியமே மீன்பிடித் தடைக்காலத்தில்தான். படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் பச்சை மீன் விலை ஏறிவிடும், ஜனங்கள் கருவாட்டைத் தேடி வருவார்கள். தடைக்காலம் தொடங்கியும் யாரும் வரவில்லை. கட்டட உரிமையாளர் வந்து பார்த்தார். “ஆடிக்குள்ள சரியாவலன்னா சாவியக் குடுத்துடு நைனா. செல்போன் கவர் விக்கிற பையன் ஒருத்தன் கேட்டுகினு கீறான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா காலத்துக் கடை.

அடுத்த முறை அவள் வந்தபோது ஸ்டெல்லா பேச்சுக் கொடுத்து ஒரு விஷயத்தைக் கறந்துவிட்டாள். திருவொற்றியூரில் ஒரு டெய்லர் கடைக்கு இவள்தான் ஃபோனில் பேஜ் திறந்து, படம் போட்டு, ஆள் வரவைத்துக் கொடுத்தாளாம்.

“எங்க கடைக்கும் செய்வியாம்மா?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“சரக்கு நல்லாருந்தா செய்றேன்க்கா.”

“துட்டு எவ்ளோ கேப்பே?” என்றேன் நான்.

“அத்த அப்பால பாத்துக்கலாம்ண்ணே.”

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. வேலைக்கு வருகிற ஆள் முதலில் சம்பளம் பேச வேண்டாமா? பக்கத்துக் கடையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற பாய் என் தோஸ்து. அவரிடம் சொன்னேன்.

“உஷாரு மாமு” என்றார் பாய். “கூலி கேக்காத ஆளு, அப்பால கடையவே கேக்கும்.”

அடுத்த ஒரு வாரம் அவள் செய்த வேலையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. படமே எடுக்கவில்லை. ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி குந்திக்கொண்டாள். வருகிற நாலைந்து பேரும் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கார்ப்பரேஷன் ஆளோ, வரி ஆபீஸ் ஆளோ, இல்லை அந்த செல்போன் கவர் பையனே அனுப்பிவைத்த ஆளோ என்று நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“பேஜ் தொறக்கறேன்னுட்டு சொம்மா குந்திகினு கீறியே, இன்னாம்மா கணக்கு?”

“வரவங்க எல்லாரும் மூணுதான்ணே கேக்கறாங்க. மண்ணு இருக்குமா, உப்பு தூக்கலா, வறுத்தா வூடெல்லாம் நாத்தம் அடிக்குமா. ஃபோன்ல பாக்கறவங்களும் அத்தத்தான் கேப்பாங்க. மொதல்ல அதுக்கு பதில் சொல்வோம். கருவாடு வாங்குங்க வாங்குங்கன்னு கத்துனா எவன் நின்னு பாப்பான்?”

முதல் வீடியோவில் என் முகமும் இல்லை, கடையும் இல்லை. ஸ்டெல்லாவின் கை மட்டும். பாட்டில் மூடியில் நாலு நெத்திலியைப் போட்டு அலசி, வெளிச்சத்தில் காட்டி, “மண்ணு கீதா, நீங்களே பாருங்க” என்கிறாள். அவ்வளவுதான். ரொம்ப நேரம் யோசித்து நான் எழுதிக் கொடுத்த வசனத்தை அந்தப் பெண் படித்துப் பார்க்கக்கூட இல்லை. கருவாட்டைக் கூரியரில் அனுப்ப, வாசனை வெளியே வராதபடி மூன்று கவர் போட்டுச் சுற்றும் முறையையும் அவள்தான் ஸ்டெல்லாவுக்குக் காட்டினாள். சுற்றி முடித்ததும் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். பிறகு பாயைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வாள், தன் மூக்கின் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

இந்த சந்தேக புத்தியில் நன்மையும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒருத்தன் ஃபோன் செய்து, கொஞ்சம் செலவு செய்தால் ஆயிரக்கணக்கில் ஆட்களை நம் பேஜில் சேர்த்துவிடுகிறேன் என்றான். நான் மயங்கிவிட்டேன். அவள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, “அத்தினி பேரும் கருவாடு துன்றவங்களா சார்?” என்று கேட்டாள். அவன் வைத்துவிட்டான். வெளியூர் ஹோட்டல் என்று சொல்லி இன்னொருத்தன் கடையிலிருந்த வஞ்சிரம் முழுவதையும் கேட்டான். நான் ஸ்டெல்லாவிடம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஃபோனை வாங்கி, “வீடியோவுல ஹோட்டல் அடுப்பக் காட்டுங்க சார், அப்பால அனுப்பறோம்” என்றாள். அவனும் வைத்துவிட்டான். படம் நன்றாக இருக்கிறது, சூப்பர் என்று யாராவது எழுதினால் நான் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்தப் பெண் முகத்தில் ஒன்றும் அசையாது.

“சூப்பர்னு போட்டவன் கடைக்கு வரமாட்டான்ணே. வெல இன்னான்னு கேக்கறான் பாரு, அவன்தான் வருவான். அவன மட்டும் வுட்டுடாதீங்க.”

எப்படி இப்படி ஆனாள் என்று ஸ்டெல்லாவிடம் ஒரு நாள் விசாரித்தேன். இங்கே வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனியில் ஃபோனில் புகார் கேட்கிற வேலையில் இருந்தாளாம். நாள் முழுக்க ஏமாந்தவர்கள் அழுவதையும் திட்டுவதையும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படி ஏமாந்தீர்கள், யார் சொல்லி நம்பினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்டெல்லா இல்லாத நேரத்தில் அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார நான் விட்டதில்லை.

இப்போது போணி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் கடை திறந்ததும் ஆகிற முதல் வியாபாரம் போணி. அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி, சிலுவை போட்டுக் கல்லாவில் வைக்கிறவரை எனக்குக் கை கால் ஓடாது. போணிக்கு முன்னால் ஒருத்தர் வந்து விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் நடையைக் கட்டினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அப்பா அப்படித்தான் சொல்வார். அப்படிக் கேட்டுவிட்டுப் போகிறவர்களை அவர் தெருமுனை வரை திட்டி அனுப்புவார், நானும் அப்படியே. எங்கள் தெருவில் பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இது தெரியும். போணி ஆயிடுச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விலையையே கேட்பார்கள்.

பேஜில் கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? விடிந்தும் விடியாததுமாக எவனோ ஒருத்தன் படுக்கையில் கிடந்தபடி, வஞ்சிரம் என்ன விலை, வாளை என்ன விலை என்று கேட்டு வைப்பான். விலையைச் சொன்னால் சத்தமே இருக்காது. நேரில் வந்தவனையாவது திட்டலாம். இவனை என்ன செய்வது? ஸ்டெல்லாவின் கையைப் பற்றி எவனோ கலீஜாக எழுதியபோது, இந்த மாதிரி ஆளை இப்படி பிளாக் பண்ணணும்ண்ணே என்று அந்தப் பெண்ணே எனக்குச் செய்து காட்டியிருந்தாள். ஒரு தட்டுத் தட்டினால் ஆளும் போய்விடுவான், அவன் எழுதியதும் போய்விடும். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. காலையில் கடைக்கு வந்ததும் ஊதுபத்தி கொளுத்திவிட்டு, போணிக்கு முன்னால் விலை கேட்டவர்கள் அத்தனை பேரையும் தட்டிவிட்டு உட்காருவேன். வாசலில் தண்ணீர் தெளிப்பதுபோல அதையும் கடை திறக்கிற வேலைகளில் ஒன்றாகத்தான் நினைத்தேன். யாரிடமும் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவளுக்கு ஏதோ உறுத்தத் தொடங்கியது. வீடியோக்களை ஊரே பார்க்கிறது, பார்சல் மட்டும் கூடவில்லை.

“காலைல கேள்வி வருதுண்ணே. என் ஃபோன்ல டிங்குனு காட்டுது. நான் தொறந்து பாத்தா ஆளக் காணோம். எவனோ நம்ம பேஜுல பூந்து வேல காட்றான்.”

“எனக்கும் அந்த டவுட்டு கீது” என்றேன். உண்மையாகவே இருந்தது. அந்த செல்போன் கவர் பையனைத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் அவனோடு நிறுத்தவில்லை. பாயிடம் போய், எங்கள் பேஜை அவர் பார்ப்பதுண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். பாய் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஸ்டெல்லாவின் தம்பி ஒரு தடவை கடைக்கு வந்து ஃபோனைத் தொட்டான் என்று அவனையும் முறைத்தாள். அவள் எல்லோரையும் வரிசையாகச் சந்தேகப்படுவதைப் பார்த்து எனக்கு உள்ளூரத் திருப்தி. பரவாயில்லை, உஷாரான பொண்ணு என்று முதல் தடவையாக அவளைப் பற்றி நல்லதாக நினைத்தேன்.

ஒரு நாள் காலை, ரோஜாப்பூ படம் வைத்த ஒரு ஐடி, வஞ்சிரம் கால் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தது. போணி ஆகவில்லை. வழக்கம்போலத் தட்டிவிட்டேன். பத்து மணிக்கு அவள் வந்தாள். கூடையில் குந்தாமல் நின்றபடியே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அண்ணே, போணி ஆயிடுச்சா?”

அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. “இப்பத்தான் ஆச்சு, ஏம்மா?” என்றேன்.

“சொம்மாத்தான்” என்றாள்.

மறுநாள் என் ஃபோனில் பேஜ் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பு, தப்பு என்று காட்டியது. பாய் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. சம்பளம் பேசாமல் வந்தவள் பேஜை லவட்டிக்கொண்டு போகிறாள், ஆடி வேறு நெருங்கிவிட்டது. அவள் வந்ததும் வராததுமாக வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“எங்க கடை பேஜ எவனுக்கும்மா வித்தே?”

“விக்கலண்ணே.”

“அப்ப பாஸ்வேர்டு ஏன் மாறிச்சு? நீதான மாத்துனே? திருட்டு வேல பாக்கத்தான வந்தே?”

தகரத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணாலேயே தடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, சத்தமே போடாமல் கேட்டாள்.

“நான் திருடின்னு, அத்த யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

“சரிண்ணே” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தகரத்துக்கும் கடைக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. சம்பளமும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து பார்சல் கூடியது. முதலில் கொஞ்சம், பிறகு கட்டி முடியவில்லை. ஸ்டெல்லா விடியற்காலையிலேயே எழுந்து ஃபோனும் கையுமாக உட்கார்ந்தாள். பேஜ்தான் போய்விட்டதே, எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “சொல்லிக் கேட்டு வராங்க” என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் வருகிற வியாபாரத்தை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? நேரிலும் ஆட்கள் தகரத்துக்குள் நுழைந்து வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“போணிக்கு முன்னாடி வெல கேட்டா பிளாக் பண்ற அண்ணன் நீங்கதானா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மகள் தன் ஃபோனை நீட்டினாள். எங்கள் பேஜ். ஸ்டெல்லாவின் கை நெத்திலியை அள்ளிக்கொண்டிருக்க, ஸ்டெல்லாவின் குரல் பேசுகிறது. “காலைல வெல கேட்டு, எங்க பேஜ் அப்பால உங்களுக்குத் தொறக்கலயா? கோச்சுக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு போணி ஆவறதுக்கு முன்னாடி வெல கேட்டா தொரத்திடுவாரு, அவரு அப்பா வளத்த வளப்பு அப்படி. இனிமே காலைல மொதல்ல வாங்கறவங்கதான் எங்க கடைக்குப் போணி. போணி பண்றவங்களுக்கு ஒரு கை நெத்திலி கொசுறு.” கீழே, நாளைக்கு நான்தான் போணி, இல்லை நான்தான் போணி என்று ஜனங்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் பார்சல் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“ரோஜாப்பூ அவதான்” என்றாள். “நீ தட்டிவுட்டதும் அவளுக்கு வெளங்கிடுச்சு. நீ தொரத்துனவங்க லிஸ்ட தொறந்து பாத்தோம், ரெண்டு பேருக்கும் தல சுத்திப்போச்சு. அவங்க எல்லாரையும் திரும்ப சேத்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்டா. அப்பால பாஸ்வேர்ட மாத்தி என் கையில குடுத்துட்டா. பேஜ் அன்னிலேந்து என்கிட்டத்தான் கீது.”

“நான் அவள அத்தினி பேர் முன்னாடி திருடின்னு சொல்லச் சொல்ல, நீ ஏன் வாயத் தொறக்கல?”

“தொறந்திருந்தா பேஜ என் கையிலேந்து புடுங்கியிருப்பே. தடைக்காலம் முடியறவரைக்கும் அவருக்குச் சொல்லாதக்கா, அவர நம்பாதன்னு சத்தியம் வாங்கிகினா.”

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்து, கடைசியில் அவள் வந்து நின்ற ஆள் நான். கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் பார்சல் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆடி வந்தது. உரிமையாளர் வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சாவி பேச்சை எடுக்காமல் கால் கிலோ சுறாக் கருவாடு வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குச் சேரவேண்டியதை ஸ்டெல்லா நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாளாம்.

வருடங்கள் ஓடிவிட்டன. சாலையில் தகரம் இல்லை. அவள் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறாள். எந்த ஊர் என்று ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. எப்போதாவது ஃபோனில் பேசுவாள். போன மாதம் ஒரு நாள் காலை, நான் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அவளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“ஊர்ப்பக்கம் வந்தா கடைக்கு வரணுமாம், அண்ணன் சொல்லச் சொன்னாரு” என்றாள் ஸ்டெல்லா. நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. “அத்த யாரு சொன்னது? அவரா, நீயா?”

நான் ஃபோனை வாங்கினேன். “நான்தான்ம்மா சொன்னேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து உடனே அடுத்த கேள்வி வந்தது.

“அண்ணே, போணி ஆயிடுச்சா?”

கல்லா காலியாக இருந்தது. ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயிடுச்சும்மா” என்றேன்.

“நெசமா?”

“நெசமாத்தான்.”

“அப்ப வஞ்சிரம் கால் கிலோ வெல இன்னா?”

சொன்னேன்.

“சரி, பாத்துட்டு சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வஞ்சிரம் கால் கிலோ நிறுத்தேன், மேலே ஒரு கை நெத்திலி போட்டேன், மூன்று கவர் சுற்றி ஆணியில் மாட்டினேன். போணி ஆகாத நேரத்தில் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போன ஒருத்தருக்கு நான் பொட்டலம் கட்டிவைத்தது அந்த ஒரு தடவைதான்.